மூடுபனியை எழுப்பிய சால்டுர்

ஆடும் கடற்பறவையும் மனிதரோடு ஒரே பாறையில் உட்கார்ந்து ஊர் விவகாரம் பேசிய அந்தக் காலத்தில், வடக்குக் கடலின் நடுவே இருக்கும் பாரோ தீவுகளில் சால்டுர் என்றொரு பறவை இருந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, அலகும் காலும் வெறும் சாம்பல். கரையில் சிப்பிகளைக் கொத்தித் தின்னும். பேசக் கூச்சப்படும். பேசினாலோ அதற்குப் பொய் வராது. அதனால் யாரும் அதனிடம் ரகசியம் சொல்வதில்லை.

அந்தத் தீவுகளில் புல் உண்டு, ஆடு உண்டு, மீன் உண்டு. மரம் மட்டும் கிடையாது. படகு கட்டப் பலகையும் கஞ்சி காய்ச்சத் தானியமும் கடலுக்கு அப்பாலிருந்த அரசரின் கப்பலில்தான் வரும். தாராளமாகக் கிடைத்த இன்னொன்று மூடுபனி. மலையை விட்டு இறங்கினால் எப்போது திரும்பும் என்று அதற்கே தெரியாது. ஆகவே தீவுக்காரர்கள் எதற்கும் உறுதியாகப் பதில் சொல்ல மாட்டார்கள். "கல்யாணம் வியாழக்கிழமைதானே?" என்று கேட்டால் மணப்பெண்ணே "பார்க்கலாம்" என்பாள்.

ஒருநாள் அரசரின் அதிகாரி ஒலுஃப் வந்து இறங்கினார். சபைப் பாறையில் ஏறித் தொண்டையைச் செருமினார்.

"நீங்கள் அரசரின் ஆட்களா, இல்லையா? ஆம் என்றால் இனி எல்லோரும் அரசரின் மொழியில்தான் பேச வேண்டும். ஆடுகளும்தான். இல்லை என்றால் இனிக் கப்பல் வராது. சொல்லுங்கள், ஆமா, இல்லையா?"

பக்கத்து வீட்டின் புல் முளைத்த கூரையில் மேய்ந்துகொண்டிருந்த கிடா பிராண்டுர் தலையைத் தூக்கியது. "இந்த வயசில் நான் புதுசாகக் கத்தப் பழகணுமா?"

"முதலில் நீ என் கூரையைத் தின்பதை நிறுத்து" என்றாள் சபைத் தலைவி மார்யுன்.

"பார்க்கலாம் அக்கா."

மார்யுன் பெருமூச்சு விட்டாள். "நம் பாட்டெல்லாம் நம் மொழியில்தான் இருக்கிறது. பாட்டு இல்லாமல் கைகோத்து ஆட முடியாது. ஆடாமல் குளிர்காலத்தைத் தள்ள முடியாது. பலகை இல்லாமல் படகும் ஓடாது. நான் எதை விடட்டும்?"

பேசினார்கள், பேசினார்கள். கடைசியில் சபை ஒரு முடிவுக்கு வந்தது. "பனி விலகட்டும், பார்க்கலாம்."

"இந்தப் பதிலை நான் கொண்டுபோக மாட்டேன். என் தலை எனக்கு வேண்டும். உங்கள் ஆளையே அனுப்புங்கள்" என்று கத்திவிட்டு ஒலுஃப் கப்பலேறினார்.

லுண்டி என்ற கடற்பறவையை அனுப்பலாம் என்றால், அது எப்போதும் வாய் நிறைய மீனோடுதான் பேசும். எல்லோருடைய பார்வையும் சால்டுர் பக்கம் திரும்பியது.

"நான் போய் என்ன சொல்வது?" என்று கேட்டது சால்டுர்.

"நாங்கள் சொன்னதைத்தான், தம்பி" என்றது பிராண்டுர்.

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே!"

"அதையே அப்படியே சொல்லு."

வழியெல்லாம் சபையின் "பனி விலகட்டும், பார்க்கலாம்" என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே பறந்து போய் அரசரின் முன்னால் ஒப்பித்தது சால்டுர்.

"பனி எப்போது விலகும்?" என்று கேட்டார் அரசர்.

"நாளைக்கு விலகலாம்."

மறுநாளும் கேட்டார். அதே பதில்தான். குளிர்காலம் முழுவதும் இப்படியே போனது. அரசருக்குச் சோறு இறங்கவில்லை.

"உன் ஆட்களுக்கு என்னைப் பிடிக்குமா, பிடிக்காதா? அதையாவது உறுதியாகச் சொல்."

சால்டுருக்குப் பொய் வராதே! "கப்பல் வரும்போது ரொம்பப் பிடிக்கும், அரசே. கட்டளை வரும்போதுதான் கொஞ்சம்..." என்று இழுத்தது.

அரசர் சிரித்துவிட்டார். "சரி. கடலும் கப்பலும் என் பொறுப்பு. பனி விலகும்வரை உங்கள் வீடு, உங்கள் ஆடு, உங்கள் மொழி எல்லாம் உங்கள் கையில். ஆனால் என் அதிகாரி வந்து பார்ப்பார். ஒரு மலை உச்சி அவர் கண்ணில் பட்டாலும் போதும், அன்றே என் மொழிக்கு மாற வேண்டும். நீயும் குளிர்காலந்தோறும் இங்கே வந்து நிலவரம் சொல்."

சால்டுர் சந்தோஷமாகத் திரும்பியது. வெகு தூரம் பின்னால் ஒலுஃபின் கப்பலும் வந்தது. தீவுகளை நெருங்கியதும் சால்டுர் சுற்றிலும் பார்த்தது. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பளீரென்று வெயில். பெயருக்குக்கூடப் பனி இல்லை!

மலைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், குளிர்காலம் முழுக்க உழைத்த களைப்பில் மூடுபனி பள்ளத்தாக்கில் சுருண்டு படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா..." என்றது சால்டுர் மெதுவாக. அசைவில்லை. "ஐயா!" அசைவில்லை. பிறந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் திரட்டி, "எழுந்திரு!" என்று வீறிட்டது.

மூடுபனி ஒரு கண்ணைத் திறந்தது. "அட, நம்ம சால்டுரா! உனக்குக் குரல்கூட இருக்கா?"

"கப்பல் வந்துவிட்டது! கீழே இறங்கி வா!"

"வரலாம்... பார்க்கலாம்" என்று மறுபக்கம் புரண்டது மூடுபனி.

சால்டுருக்கு வந்ததே கோபம்! கோபத்தில் கண் சிவந்தது, அலகு சிவந்தது, கால்வரை சிவந்தது. மூடுபனியின் தலைக்குமேல் வட்டமடித்து, அந்தத் தீவுகளில் யாரும் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டது.

"பார்க்கலாம் கீர்க்கலாம் எல்லாம் வேண்டாம். வருவியா, மாட்டியா? ஆமா, இல்லையா?"

"ஆமா, ஆமா!" என்று அலறியடித்து எழுந்த மூடுபனி, போட்டது போட்டபடி மலையிறங்கி ஓடியது.

ஒலுஃப் கரையில் கால் வைத்தபோது அவருக்குத் தன் மூக்கே தெரியவில்லை. "மார்யுன் அம்மா, இந்தப் பனி விலகுமா?" என்று அவள் நிற்பதாகத் தோன்றிய திசையைப் பார்த்துக் கேட்டார்.

"பார்க்கலாம்" என்றாள் மார்யுன்.

"எதையம்மா பார்ப்பது?" என்று தடவித் தடவிக் கப்பலுக்குத் திரும்பினார் ஒலுஃப்.

பாரோ தீவுகள் ஒரு முடியின் கீழ் இருந்துகொண்டே தங்கள் வீட்டைத் தாங்களே ஆள்வதும், தங்கள் மொழியிலேயே பாடிக் கைகோத்து ஆடுவதும் அன்றிலிருந்துதான். சால்டுர் குளிர்காலத்தில் கடல் கடந்து போய், வசந்தம் பிறந்ததும் சிவந்த அலகோடு திரும்பி வந்து ஊரையே கூட்டுவதும் அன்றிலிருந்துதான். அந்தக் கூச்சலைக் கேட்டதும் தீவுக்காரர்கள் விழா எடுக்கிறார்கள். சால்டுரோ கத்துவதை நிறுத்துவதில்லை, மலைக்குப் பின்னால் யாரோ இன்னும் புரண்டு படுப்பதாக அதற்குச் சந்தேகம்.