எஞ்சின் தரப்பு

ஏரிக்கு நடுவே ஒரு தீவு. தீவில் ஒரு மடம். அந்த மடத்தில் தூக்கத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி வாதிடுவார்கள்.

வாதத்துக்கு அங்கே ஒரு விதி உண்டு. எதிராளியின் கட்சியை முதலில் நீ சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்" என்று அவர் தலையாட்ட வேண்டும். அதன் பிறகுதான் மறுக்கலாம். அவர் தலையாட்டாவிட்டால் விடிய விடிய இழுக்கும். இழுத்ததும் உண்டு.

இந்த விதியில் தேர்ந்தவள் தில்லைநாயகி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களை ஒரு வழி பண்ணிவிட்டு நேரே மடத்துக்கு வந்தவள்.

அன்று காலை அவள் படித்துறைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அக்கரைக் குப்பத்தில் ஒரு வழக்கு. பவுனாம்பாள் என்கிற மீன்காரி தன் படகைக் கட்டத் துறையில் ஓர் இடம் கேட்கிறாள். துறையைப் பார்த்துக்கொள்ளும் முத்துராக்கு முடியாது என்கிறார். நடுவராக ஒருவரை அனுப்பும்படி ஊரார் மடத்தைக் கேட்டார்கள். மடம் தில்லையை அனுப்பியது. உச்சிவேளைக்குள் நடுவர் வந்து சேராவிட்டால் முத்துராக்கு சொன்னதே முடிவு என்று பேச்சு.

படகில் குரு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. சொத்தைப் பல். கிராம்பைக் கடித்துக்கொண்டே நாளைக் கடத்தியவரை, இன்று பல் டாக்டரிடம் போயே தீர வேண்டும் என்று சீடர்கள் பிடித்து ஏற்றிவிட்டிருந்தார்கள். துணைக்கு ஏகாம்பரம், படகின் பின்பக்கம் நின்றார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றுச் சீடரானவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

எஞ்சின் புதியது. முந்தின நாள்தான் பொருத்தினார்கள்.

தில்லை ஏறினாள். படகைச் செலுத்தும் லீவரை முன்னே தள்ளினாள். சாவியைத் திருகினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. உறுமல் இல்லை. இருமல் இல்லை. டிக்கென்று ஒரு சத்தம்கூட இல்லை.

"பேட்டரி," என்றார் ஏகாம்பரம்.

"இல்லை."

"விதி, அம்மா. முதலில் என் கட்சியைச் சொல்லு."

தில்லை மூச்சை இழுத்துவிட்டாள். "புதுசு என்று நம்பக் கூடாது. கடையில் எத்தனை மாதம் கிடந்ததோ. சார்ஜ் இறங்கியிருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாது. சரியா?"

"மின்வாரியத்தில் என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லு."

"மின்வாரியத்தில் நீங்கள் பார்க்காத பேட்டரி இல்லை."

ஏகாம்பரம் தலையாட்டினார்.

அவள் ஹாரனை அழுத்தினாள். கரையிலிருந்த நாரையெல்லாம் எழுந்து பறந்தது. விளக்கைப் போட்டாள். பட்டப்பகலிலும் பளிச்சென்று எரிந்தது.

"மறுத்தாயிற்று," என்றாள்.

"அப்படியானால் ஒயர் லூஸ்."

அதையும் அவர் தலையாட்டும்வரை சொன்னாள். பிறகு பேட்டரி முனைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. ஃபியூஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

"ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். லேசாக ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும்," என்று ஸ்பேனரை எடுத்தாள். லேசாகத் தட்டினாள். பிறகு அவ்வளவு லேசாக இல்லாமல் தட்டினாள்.

வெயில் ஏறிக்கொண்டே போனது.

குரு கன்னத்தைப் பிடித்தபடி கேட்டார். "முத்துராக்கு என்ன சொல்கிறார்?"

"எதைப் பற்றி, சுவாமி?"

"இடம் ஏன் இல்லையாம்?"

"என்ன சொல்லப் போகிறார்? தாத்தா காலத்திலிருந்து ஆம்பளைகள் படகு கட்டுகிற துறை, பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்பார்."

"சொன்னாரா?"

"அதை வேறு சொல்ல வேண்டுமா? பவுனாம்பாளைப் பார்த்து எல்லாம் கேட்டுவிட்டேன். தீர்ப்பு மனப்பாடம். இறங்கினதும் சொல்லிவிட வேண்டியதுதான். இந்தச் சனியன் கிளம்பித் தொலைத்தால்." மறுபடி ஸ்பேனரை ஓங்கினாள்.

"எஞ்சின் தரப்பைச் சொல்லு," என்றார் குரு.

"என்னது?"

"அதை மறுத்துக்கொண்டிருக்கிறாயே. அதன் கட்சியைச் சொன்னாயா?"

ஏகாம்பரத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "விதி, அம்மா."

இது அநியாயம் என்று தில்லைக்குத் தோன்றியது. ஆனால் வாதம் என்று அழைத்தால் போகாமல் இருக்க அவளால் முடியாது. ஸ்பேனரை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டாள்.

"நான்தான் எஞ்சின் பேசுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. பேட்டரியில் பலம் இருக்கிறது, ஒயர் இறுக்கமாக இருக்கிறது. என்னைப் பொருத்தி ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அடி வாங்கிவிட்டேன். இந்தப் பெண் காலையில் வந்தாள். வந்ததும் 'போ' என்றாள்..."

நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றார் குரு.

"அப்புறம்தான் சாவியைத் திருகினாள்."

"ம்."

"நான் இன்னும் கண்ணே திறக்கவில்லை. அதற்குள் போ என்றால் எப்படி? விழித்த கையோடு நான் பாய்ந்தால், பின்னால் நிற்கிற இந்த ஐயா தண்ணீரில் இருப்பார். அதனால்..." அவள் பார்வை மெல்ல லீவருக்குப் போனது. காலையில் அவள் முன்னே தள்ளியது, தள்ளினபடியே இருந்தது. "அதனால் நான் எழுந்திருக்க மாட்டேன்."



தில்லை லீவரை நடுவுக்கு இழுத்தாள். சாவியைத் திருகினாள். எஞ்சின் ஒரு உலுக்கு உலுக்கி உறுமியது.

"தலையாட்டிவிட்டது," என்றார் ஏகாம்பரம்.

தில்லை அவரைப் பார்க்கவில்லை. குருவைப் பார்த்தாள். "உங்களுக்கு முன்பே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்துகொண்டா உட்கார்ந்திருந்தீர்கள்? அங்கே ஒருத்தி படகைக் கட்ட இடமில்லாமல் நிற்கிறாள், இங்கே பொழுது போய்க்கொண்டிருக்கிறது. இது என்ன நியாயம், சுவாமி?"

"அங்கே போனால் எனக்குப் பல்லைப் பிடுங்குவார்கள்."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் போக விருப்பமில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"யார் கேட்டீர்கள்? தூக்கி ஏற்றினீர்கள்."

ஏகாம்பரம் கயிற்றை அவிழ்ப்பதில் திடீரென்று மும்முரமானார்.

தில்லை விடவில்லை. "சரி, லீவர் விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"நேற்றுப் பொருத்த வந்தவர் சொன்னார். லீவர் நடுவில் இருந்தால்தான் கிளம்புமாம்."

"எங்களிடம் சொல்லவில்லையே."

"எங்கே சொல்லவிட்டோம்?" என்றார் ஏகாம்பரம். "'முதலில்' என்று அவர் வாயெடுத்ததும், 'எது முதல், எதை வைத்து முதல்' என்று நீ பிடித்துக்கொண்டாய்."

"பேட்டரியைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்தது யார்?"

"அது அனுபவம்."

குரு கிராம்பை மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டார். "பாவம், கடைசியில் என்னிடம் வந்து சொன்னார். முழுவதும் கேட்டேன். பல்வலியில் எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. படகு நகரவில்லை. தில்லை லீவர்மேல் கையை வைத்தாள்.

"ஆனால் ஒன்று, சுவாமி. நடுவிலேயே வைத்திருந்தால் படகு கரைக்குப் போகாது. ஒரு பக்கம் தள்ளித்தான் ஆக வேண்டும். எல்லாரும் நல்லவர்களாக நடுவிலேயே உட்கார்ந்திருந்ததால்தான் பவுனாம்பாளுக்கு இத்தனை காலம் இடமில்லை."

"தள்ளத்தான் வேண்டும்."

"அப்புறம் என்ன?"

"எஞ்சின் ஓடுகிறதா என்று பார். பார்த்துவிட்டுத் தள்ளு."

அவள் தள்ளினாள்.

அக்கரைக்கு அவர்கள் போனபோது சூரியன் உச்சிக்கு வர இன்னும் கொஞ்சம் இருந்தது. துறையில் ஊர் கூடியிருந்தது. பவுனாம்பாள் மீன்கூடையை இடுப்பிலிருந்து இறக்காமல் நின்றாள். எதிரே முத்துராக்கு. தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாங்கம்மா. நான் ஒண்ணு சொல்லணும்..."

தில்லையின் வாய் அதற்குள் திறந்துவிட்டது. மனப்பாடம் செய்த தீர்ப்பின் முதல் வரி உதட்டுக்கே வந்துவிட்டது.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். குரு. மடியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"எனக்குப் பல்வலி இல்லையே, சுவாமி."

"தெரியும்," என்றார் குரு. "கடித்துக்கொள்."