நாலு பக்கமும் தண்ணீர்

தில்லைநாயகி டீச்சர் குருவை 'சாமி' என்று கூப்பிடுவார். குரு அவரை 'டீச்சர்' என்று கூப்பிடுவார். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், இவர்களில் யார் யாருக்குச் சீடர் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழிப்பார்கள்.

விழிப்பதில் நியாயம் உண்டு. குரு இருளப்பசாமிக்கு ஆறாம் வகுப்பில் புவியியல் நடத்தியது தில்லைநாயகி டீச்சர்தான். பிறகு பையன் எங்கோ கண்காணாமல் போனான். திரும்பி வந்தபோது காவி கட்டியிருந்தார். பெயரை மாற்றுகிற வேலைகூட இருக்கவில்லை. பெற்றவர்களே முன்யோசனையாகச் சாமியைச் சேர்த்து வைத்திருந்தார்கள். டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் மடத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து சாமியின் பேச்சைக் கேட்டார். மறுநாளும் வந்தார். அப்படியே சீடரானார்.

மடம் என்றால் ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, எதிரே கடல். கடலுக்குள் கொத்துத் தீவுகள். கொத்துக் கொத்தாகக் கிடப்பதால் அந்தப் பெயர். இப்போது அங்கெல்லாம் விடுதிகள் வந்துவிட்டன. வெயில் காய்வதற்கென்றே காசு கொடுத்து லாஞ்சு லாஞ்சாக ஆட்கள் போகிறார்கள். வெயிலுக்குப் பயந்து குடை பிடிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் புரியவில்லை.

அன்று காலை எல்லாரும் கேள்வி கேட்டு முடித்த பிறகு டீச்சர் எழுந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"கேளுங்க டீச்சர்."

"லீவுக்கு எந்தத் தீவுக்குப் போகட்டும்?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆன்மா, வினை, மறுபிறவி என்று கேட்கிற இடத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. சாமி சிரிக்கவில்லை.

"யார் யார் போறீங்க?"

"மக மங்கை, மாப்பிள்ளை, பேரப்பிள்ளைங்க ரெண்டு பேரு. கோயம்புத்தூர்லருந்து வர்றாங்க. 'எந்தத் தீவுன்னு நீயே சொல்லும்மா, அதுல ரூம் போடுறேன்'ங்கிறா. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம்."

"சொல்ல வேண்டியதுதானே."

"ராத்தூக்கம் போச்சு சாமி. நெடுமணலுக்குப் போனா வெள்ளை மணல் கண்ணுக்கெட்டின தூரம் கிடக்குதாம். விளக்குத்தீவுல கோபுரத்து மேல ஏறுனா எல்லாத் தீவும் தெரியுதாம். மடல்தீவுல காடு இருக்கு, மான் இருக்கு. ஒண்ணைச் சொன்னா இன்னொண்ணு கோவிச்சுக்கிற மாதிரி இருக்கு."

"இந்தத் தடவை ஒண்ணு, அடுத்த தடவை இன்னொண்ணு."

டீச்சர் உட்காரவில்லை. மற்றவர்கள் கலைந்து போகும்வரை நின்றார். பிறகு சாமியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"அடுத்த தடவை கிடையாது சாமி."

வலது கையைக் குழலாகக் குவித்து ஒரு கண்ணில் வைத்துக் காட்டினார்.

"இவ்வளவுதான் தெரியுது. ஓரத்துலருந்து மூடிக்கிட்டே வருது. நடுவுல மட்டும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கு. அதுவும் எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர். மங்கைகிட்ட இன்னும் சொல்லல."

சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நான் எவ்வளவு தெரியுறேன், டீச்சர்?"

"மூஞ்சி தெரியுது. காது தெரியல."

"காது கிடக்கட்டும். அது கேக்கத்தானே இருக்கு."

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"போன மாசம் தேரோட்டத்துக்குப் போனேன். எல்லாரும் 'தேரு, தேரு'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நானும் கும்பிட்டேன். எனக்குத் தெரிஞ்சது ஒரு அச்சாணி. தலையைத் தூக்கிக் கலசத்தைத் தேடுறதுக்குள்ள தேர் தாண்டிப் போயிருச்சு. அதான் சாமி, இருக்கிறதுலயே பெரிய தீவா, எல்லாம் இருக்கிற தீவா ஒண்ணைப் பாத்து உள்ள வச்சுக்கணும். அப்புறம் மூடுனா மூடட்டும். தப்பான தீவைச் சொல்லிட்டேன்னா அதோட போச்சு."

சாமி எழுந்து கொட்டகைக்கு வெளியே போனார். கரையில் சூசை வலையை உதறிக்கொண்டிருந்தார்.

"சூசை, தண்ணி எப்படி இருக்கு?"

"வத்திக்கிட்டு இருக்கு சாமி. அமாவாசையாச்சே, நல்லாவே வத்தும்."

"ஒரு நடை போயிட்டு வருவோமா? டீச்சரும் வர்றாங்க."

சூசை எங்கே என்று கேட்கவில்லை. படகைத் தள்ளினார்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. கடல் கரையோரம் கலங்கலாக இருந்து, போகப் போகப் பச்சையாயிற்று. டீச்சர் படகின் நடுப்பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தீவு வரும்போதும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். நெடுமணல் ஒரு வெள்ளைக் கோடாக வந்து போனது. விளக்குத்தீவின் கோபுரத்தில் ஒரு ஜன்னல் மட்டும் அவருக்குக் கிடைத்தது. மடல்தீவில் ஒரு பனை கிடைத்தது. அந்தப் பனையையே பிடித்துக்கொண்டு மேலே போய், கீழே வந்து, பக்கத்து மரத்தைத் தேடுவதற்குள் தீவு பின்னால் போய்விட்டது.

"சாமி, மடல்தீவு தாண்டிருச்சே."

"தாண்டட்டும்."

"இனிமே தீவே கிடையாதே. வெறும் கடல்தானே."

டீச்சருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டியவர் நடுக்கடலுக்கு வந்து நின்றால் யாருக்குத்தான் வராது.

சூசை இன்ஜினை நிறுத்தினார். படகு தானாகக் கொஞ்சம் ஓடி, மெத்தென்று எதிலோ முட்டி நின்றது.

"இறங்குங்க டீச்சரம்மா. செருப்பு இங்கயே கிடக்கட்டும், நனையும்."

"எங்க இறங்க? இது எந்தத் தீவு?"

"தீவெல்லாம் இல்லம்மா. திட்டு. தண்ணி வத்துனா தலையைக் காட்டும், ஏறுனா முங்கிரும்."

டீச்சர் சூசையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். காலுக்குக் கீழே மணல் ஈரமாகவும் உறுதியாகவும் இருந்தது. அலை போட்டுவிட்டுப் போன வரிகள் உள்ளங்காலில் தெரிந்தன. ஒரு செடி இல்லை. ஒரு கல் இல்லை. மொத்தத் திட்டும் ஒரு வகுப்பறை அளவுதான் இருக்கும், கரும்பலகையிலிருந்து கடைசி பெஞ்சு வரை. நடுவில் சங்குப்பூ நிறத்தில் சில சிப்பிகள். ஒரு நண்டு வளைக்கு வெளியே நின்று, இவர்கள் எதற்கு வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுல என்ன சாமி இருக்கு?"

சாமி திட்டின் நடுவே போய் நின்றார். கைகட்டி நின்றார், வகுப்பில் நிற்கிற மாதிரி.

"தீவுன்னா என்ன, டீச்சர்?"

டீச்சருக்குப் பழைய குரல் தானாக வந்துவிட்டது. "நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி தீவு எனப்படும்."

"பாத்திருக்கீங்களா?"

"எத்தனையோ தீவுக்குப் போயிருக்கேனே."

"தீவைக் கேக்கல. இப்ப நீங்க சொன்னதைப் பாத்திருக்கீங்களா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தார்.

போன தீவுகளில் எல்லாம் ஒரு பக்கம் தண்ணீர் இருந்தது. மற்றப் பக்கங்களில் தென்னை இருந்தது, வீடு இருந்தது, டீக்கடை இருந்தது, மேடு இருந்தது. அதற்கு அப்பாலும் தண்ணீர்தான் என்று வரைபடம் சொன்னது, அவர் நம்பினார். தான் நம்பியதைப் பிள்ளைகளைக் கைகட்டி நிற்கவைத்து ஒப்பிக்கச் சொன்னார். ஓய்வு பெறுகிற வருஷம்வரை ஒரு சொல் மாறாமல் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் மெல்லத் திரும்ப ஆரம்பித்தார்.

கண்ணின் சின்னக் குழலுக்குள் முதலில் கிழக்கு வந்தது. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, அடியில் மணல் தெரிந்தது. அங்கிருந்து இளம்பச்சை, பிறகு நீலம், பிறகு வானம். கொஞ்சம் திரும்பினார். தண்ணீர். வெயில் அதன்மேல் விழுந்து ஆயிரம் துண்டாகச் சிதறியது. இன்னும் திரும்பினார். ஒரு மீன் துள்ளி விழுந்தது, அதுவும் தண்ணீர். சூசையும் படகும் வந்து போனார்கள். அவர்களுக்குப் பின்னாலும் தண்ணீர். எங்கே அறுபடப் போகிறது என்று பயந்து பயந்து திரும்பினார். எங்கேயும் அறுபடவில்லை. கடைசியில் சாமியின் காவி வேட்டி வந்தது. அதற்கு அந்தப் பக்கம், முதலில் பார்த்த அதே கிழக்கு, அதே கண்ணாடித் தண்ணீர்.

"நாலு பக்கமும்..." என்றார் டீச்சர்.

வாழ்நாளெல்லாம் சொன்ன வாக்கியம். அதை அவரால் முடிக்க முடியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை பெரிய கடல் நடுவில் தன்னை நிற்கவைத்துக்கொண்டு சும்மா இருக்கிறதே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. குனிந்து அந்த ஈர மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு யாரும் சொல்லாமலே விளிம்போரமாக நடந்தார். கோயிலைச் சுற்றுகிறதுபோல வலப்பக்கம் மணல், இடப்பக்கம் கடல். நண்டு வழிவிட்டு வளைக்குள் போனது. புறப்பட்ட இடத்திலேயே தன் காலடியைக் கண்டதும், சின்னப் பெண்போலச் சத்தமாகச் சிரித்தார்.

"சுத்தி வந்துட்டேன் சாமி! முழுசா சுத்தி வந்துட்டேன்!"

அந்த நேரம் பார்த்து இடுப்புப் பையில் போன் அடித்தது. மங்கைதான்.

"அம்மா, யோசிச்சியா? எந்தத் தீவு?"

"இருக்கிறதுலயே சின்னது எதுவோ அதுல போடு."

"சின்னதுலயா? அங்க கோபுரமும் இல்ல, காடும் இல்லம்மா. நெட்ல ஒண்ணுமே இல்லன்னு போட்டிருக்கான். பிள்ளைங்க போரடிக்குதும்பாங்க."

"போரடிக்காது. நான் சுத்திக் காட்டுறேன்." போனை மறு காதுக்கு மாற்றினார். "மங்கை, நேர்ல வா. என் கண்ணைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

போனைப் பைக்குள் போட்டார். சூசை கையைக் காட்டினார்.

"தண்ணி ஏறுது. வந்து ஏறுங்கம்மா."

மூவரும் படகில் ஏறினார்கள். சூசை இன்ஜினைத் தொடவில்லை, சாமி வேண்டாமென்று சொல்லியிருந்தார். படகு திட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முதலில் விளிம்பிலிருந்த காலடிகள் போயின. பிறகு அதற்கு உள்பக்கம் இருந்தவை போயின. நான்கு பக்கமிருந்தும் வந்து, வகுப்பறை ஒரு பாய் ஆயிற்று. பாய் ஒரு தாம்பாளம் ஆயிற்று. டீச்சரின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஓரத்துலருந்துதான் போகுது சாமி," என்றார். "என் கண்ணு மாதிரியே."

நடுவில் சிப்பிகள் கிடந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் பளிச்சென்று இருந்தது. ஒரு சின்ன அலை வந்தது. அதுவும் இல்லை. கடல் ஒரே மட்டமாகக் கிடந்தது. வெயிலின் மினுக்கத்தில் அடியிலிருந்த மணலும் தெரியவில்லை. அங்கே அப்படி ஒன்று இருந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இப்பதானே நின்னேன்." டீச்சர் தண்ணீரைக் காட்டினார். "எங்க சாமி போச்சு?"

"நாலு பக்கம் இருந்த தண்ணி இப்ப மேலயும் வந்திருக்கு, டீச்சர். கண்ணை மூடிக்கிட்டு இறங்குங்க."

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, விளிம்பைப் பிடித்தபடி ஒரு காலைக் கீழே விட்டார். தண்ணீர் கெண்டைக்கால்வரை வந்தது. அதற்கு அடியில் மணல் உறுதியாக இருந்தது. அலை போட்ட வரிகள்கூட அப்படியே இருந்தன.

அவர் அடுத்த காலையும் ஊன்றினார். படகிலிருந்து கையை எடுத்தார்.