கோடில்லாத முகம்

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். நாட்டை அவர் ஆண்டார்; அவரை ஆண்டவள் ஒரே மகள் பூங்கோதை. அவளுக்குக் கல்யாணம் முடிந்து, மலைக்கு அப்பால் உள்ள புகுந்த வீட்டுக்குப் பல்லக்கு ஏறும் நாள் நெருங்கியது. அரசருக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் போகுமுன் ஒரு படம் எழுதி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். ஆஸ்தான ஓவியர் சிகாமணி எழுதிக் கொண்டுவந்ததைப் பார்த்ததுமே சீறினார்.

"மூக்குக்கு ஒரு கோடு, கன்னத்துக்கு ஒரு கோடு! என் குழந்தை முகத்தில் ஏதய்யா கோடு? ஒரு கோடுகூட இல்லாமல் எழுதும்!"

சிகாமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. விகடகவி கூத்தப்பன் மேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல் வேறு.

"அந்த வித்தை நம் கூத்தப்பனுக்குத்தான் கைவரும், பிரபு" என்று பணிவாகக் கோத்துவிட்டார்.

"எழுது. முடியாவிட்டால் நாட்டைவிட்டே போ!" என்றார் அரசர் கூத்தப்பனிடம். மகளைப் பிரியும் தகப்பனிடம் நியாயம் பேச முடியுமா?

ஊரைவிட்டுப் போக நேருமோ என்று கூத்தப்பனுக்குக் கவலைதான். ஆனால் தன் முதுகில் ஏறி யானைச் சவாரி செய்த பிள்ளை போகிறாளே என்பது அதைவிடப் பெரிய கவலை. ஈர்க்குச்சியை மையில் தொட்டான். கோடுதானே கூடாது? புள்ளி வைக்காதே என்று யாரும் சொல்லவில்லையே! கூந்தலுக்குப் புள்ளிகளை நெருக்கி வைத்தான். நெற்றிக்குத் தள்ளித் தள்ளி வைத்தான். கன்னக்குழிக்கு வந்தபோது கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு மெல்ல வைத்தான்.

பயண நாள் காலை, சபையில் படம் விரிந்தது. சிகாமணி மூக்கு உரசக் குனிந்து கோடு தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு இழுக்க மறந்துவிட்டான், பிரபு!" என்று சிரித்தார்.

அரசரும் கிட்டப் போய்ப் பார்த்தார். "முகம் எங்கேயடா?"

"சற்றே தள்ளி நின்று பாருங்கள், பிரபு."

அரசர் பின்னால் நடந்தார். தூண் வரை போனவர் அப்படியே நின்றுவிட்டார். கன்னத்தில் குழி விழ மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தூரத்தில்தான் தெரிகிறாள், கூத்தப்பா."

"ஆமாம், பிரபு. தூரம் போனாலும் தெரிவாள்."

சிகாமணிக்குப் பொறுக்கவில்லை. கை தவறியதுபோல், படத்தருகே இருந்த மைக்கிண்ணத்தைச் சாய்த்தார். பெரிய சொட்டு ஒன்று படத்தின் கன்னத்தில் விழுந்தது. சபையே பதறியது.

கூத்தப்பன் அவரைப் பார்த்துக் கும்பிட்டான். "நல்லவேளை! திருஷ்டிப் பொட்டை நான் மறந்தே போனேன். கண் வைத்தவரே பொட்டும் வைத்துவிட்டார்!"

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டார்.

பிறகு மையில் விரலைத் தொட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பல்லக்கருகே நின்ற மகளின் கன்னத்தில், சின்ன வயதில் வைத்ததுபோலவே, ஒரு பொட்டு வைத்து வழியனுப்பினார்.