சவ்வாது வாங்கிய சோப்பு

ஒரு காட்டில், தன் வாலைத் தானே மோந்து பார்த்து "ஆகா!" என்று சொல்லிக்கொள்கிற மரநாய் ஒன்று இருந்தது. அதன் பெயர் சவ்வாது. பெயரைக் காப்பாற்ற வேண்டுமே என்று காலையில் ஒரு பூவில் புரளுவான், மாலையில் வேறொரு பூவில் புரளுவான். சும்மா இருக்கிற நேரத்தில் மற்றவர்களை மோந்து பார்த்து மூக்கைச் சுளிப்பான்.

அந்த வருஷம் கரடி கும்பாண்டியும் ஆமை கல்லாயியும் தேன்பாறைக்குக் கிளம்பினார்கள். தேன்பாறை லேசுப்பட்ட இடம் இல்லை, பிள்ளைகளே. பூக்காலம் முடியும்போது அங்கே பாறை விளிம்பிலிருந்து தேன் தானாகவே சொட்டும். கீழே அண்ணாந்து வாயைத் திறந்துகொண்டு நின்றால் போதும். வேறு வேலையே இல்லை.

கும்பாண்டிக்குச் சமையல். கல்லாயிக்குச் சுமை. பானை, அரிசி, அகப்பை எல்லாம் அவள் முதுகில்தான்.

"நானும் வரேன் அண்ணே," என்று வழியை மறித்தான் சவ்வாது.

"உனக்குச் சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"சுமப்பியா?"

"முடி கலைஞ்சிடுமே அண்ணே."

"அப்ப நீ எதுக்குடா?"

சவ்வாது யோசித்தான். ஒவ்வொரு வருஷமும் போனவர்கள் திரும்பி வந்து, உதட்டை நக்கிக்கொண்டே கதை சொல்வார்கள். அவன் மட்டும் எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். இந்த வருஷமும் அப்படியா?

"பாத்திரம் கழுவுறேன்!" என்றான்.

பாத்திரம் கழுவுவது என்றாலே கரடிக்கும் கசக்கும், ஆமைக்கும் கசக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, வா," என்றான் கும்பாண்டி. "சோப்பும் நீதான் பாக்கணும். பானையில ஏதாவது கோளாறு வந்துச்சு, பாதி வழியா இருந்தாலும் வீட்டுக்குத் துரத்திடுவேன். ஆமா!"

மலையேற வருகிற மனிதர்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை எல்லாம் பொறுக்கி, அத்திமரத்தடியில் கடை போட்டிருந்தது ஒரு குரங்கு. மூன்று பேரும் அங்கே போனார்கள்.

"வாங்க, வாங்க! சோப்புதானே? இந்தாங்க, அடுப்புச் சாம்பல். சிரட்டையோடவே எடுத்துக்கங்க."

சவ்வாது மோந்தான். தும்மினான். "மணமே இல்லையே!"

"அப்ப இந்தாங்க, பூந்திக்கொட்டை. ஊறவெச்சுக் கசக்கினா நுரை வரும்."

மோந்தான். "சீச்சீ! பழைய சாக்கு மாதிரி இருக்கு."

குரங்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு மரப்பொந்துக்குள் கையை விட்டு, ஜிகினாத் தாள் சுற்றிய ரோஸ் நிறக் கட்டி ஒன்றை எடுத்தது.

"ரோஜா, மல்லி, தாழம்பூ மூணும் ஒண்ணா சேர்ந்தது. ஒரு தடவை தேய்ச்சா அடுத்த மழை வரைக்கும் மணக்கும். நுரைன்னா நுரை, மேகம் மேகமா வரும்! ஆனா பாருங்க, இதோட அருமை தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் குடுக்கிறது."

"எனக்குத் தெரியாம இந்தக் காட்டுல வேற யாருக்குத் தெரியும்?" சவ்வாது பாய்ந்து வாங்கிக்கொண்டான்.

கல்லாயி ஒன்றே ஒன்று கேட்டாள். "எடை?" அவள் எதைப் பார்த்தாலும் கேட்பது அதுதான்.

"காஞ்ச இலை மாதிரிதான்க்கா!"

கும்பாண்டியும் ஒன்றே ஒன்று கேட்டான். "திங்கலாமா?"

"அது உங்க வயித்தைப் பொறுத்தது அண்ணே."

எல்லோருக்கும் திருப்தி. கிளம்பினார்கள்.

முதல் மலையின் உச்சியில், ஓடை ஊறிப் பிறக்கிற இடத்தில் தங்கினார்கள். கும்பாண்டி மூங்கிலரிசிக் கஞ்சி காய்ச்சினான். "உப்பு சரியா இருக்கா பாப்போம்" என்று அவன் ருசி பார்த்துக்கொண்டே இருந்ததில், கஞ்சி பாதியாகிவிட்டது. மீதிப் பாதி அடிப்பிடித்துவிட்டது.

"ம், உன் வேலை," என்று கரிப் பானையை உருட்டிவிட்டான்.

சவ்வாது பானையைத் தூக்கிக்கொண்டு ஓடையின் நடுவில் போய் உட்கார்ந்தான். சோப்பைத் தேய்த்தான். அடேயப்பா! நுரை பொங்கியது பாருங்கள், பானை மறைந்தது, பானைக்குப் பின்னால் சவ்வாதும் மறைந்தான். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அந்த மூக்கு, "ஆகா! ஆகா!" என்றது.

பானை பளபளத்தது. அதோடு நிறுத்தினானா? அகப்பையைத் தேய்த்தான். தன் வாலைத் தேய்த்தான். கரடியைப் பிடித்து முகம் கழுவிவிட்டான். கல்லாயியின் ஓட்டையும் தேய்த்துவிட்டான். அவள் "போதும்டா" என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். வைத்த அடி நிற்கவில்லை. சர்ரென்று வழுக்கிக்கொண்டு புல்சரிவின் அடிவரைக்கும் போய்விட்டாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு வேகமாகப் போனதே இல்லை. திரும்பி ஏறி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

நுரை எல்லாம் ஓடையோடு ஆடி ஆடிப் போனது. "டாட்டா!" என்று அதற்குக் கை காட்டினான் சவ்வாது.

மறுநாள் காலைக் கஞ்சியில் ரோஜா மணந்தது. கொஞ்சம் மல்லியும் மணந்தது. கும்பாண்டி பானையோடு வாயில் கவிழ்த்துக்கொண்டான்.

"எப்படி அண்ணே?"

"நல்..." என்று கும்பாண்டி வாயைத் திறந்தான். வாயிலிருந்து குமிழி ஒன்று வந்தது. "...லா" என்றான். இன்னொன்று வந்தது. ஏப்பம் விட்டான். கொத்தாக ஏழெட்டு வந்து, வெயிலில் வண்ண வண்ணமாக மிதந்தன.

"டேய் சவ்வாது!" என்று கத்தினான். அதற்கும் ஒரு குமிழி. "பானையை அலசவே இல்லையாடா நீ? இன்னும் ஒரே ஒரு கோளாறு வரட்டும், அத்தோட நீ வீட்டுக்கு!"

சவ்வாதுக்கு வால் தொங்கிவிட்டது.

"குடிக்கத் தண்ணி எடுத்துக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"எடை!" என்றாள் கல்லாயி. "நாம குறுக்கால மேட்டுமேல போவோம். இதே ஓடை சுத்திக்கிட்டு வந்து அந்தப் பக்கத்து மடுவுல விழும். அங்கே வயிறு முட்டக் குடிச்சுக்கலாம்."

மேட்டில் நிழல் இல்லை. கும்பாண்டி வேறு, வழிநெடுக உப்பு நெல்லிக்காயை எடுத்து எடுத்து நீட்டினான். மூன்று பேரின் நாக்கும் மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. "மடு வந்துரும், மடு வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்கள்.

மடு வந்தது. ஆனால் தண்ணீரைக் காணோம்!

பொங்கி வழிகிற சோற்றுப்பானை மாதிரி மடு முழுக்க வெள்ளை நுரை. தவளைகள் வரிசையாகத் தும்மின. மீன்கள் எல்லாம் மடுவின் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. கரைப் பாறையில் நீர்நாய் மடுவாச்சி நின்றாள். அவளுடைய குட்டிகள் விக்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு விக்கலுக்கும் ஒரு குமிழி.

மடுவாச்சிக்குப் பின்னால், பாறை இடுக்கில், தெளிந்த ஊற்று ஒன்று கசிந்துகொண்டிருந்தது. அதை மறைத்தபடியேதான் அவள் நின்றாள்.

"அக்கா, ஒரு வாய் தண்ணி..." என்றான் கும்பாண்டி. ஒரு குமிழி வந்தது.

மடுவாச்சி அந்தக் குமிழியைப் பார்த்தாள். மூக்கை நீட்டி மோந்தாள். கோபப்படவில்லை, சிரித்தாள்.

"வாங்க, வாங்க! நல்ல நாள் பாத்துத்தான் வந்திருக்கீங்க. காலையிலேர்ந்து எங்க மடுவுல என்ன மணம், என்ன மணம்! எந்த மகராசன் அனுப்பினானோ தெரியலை. அவன் மட்டும் வந்தா இந்தப் பாறையில உட்காரவெச்சு மாலை போடலாம்னு காத்திருக்கேன். முதல் மரியாதை, முதல் தண்ணி, முதல் மீன், எல்லாம் அவனுக்குத்தான்."

சவ்வாதின் வால் விறைத்து நின்றது.

"அது நான்தான்! என் சோப்பு அது!"

"இவனா? கஞ்சியை அடிப்பிடிக்க விட்டது யாரு? நான்!" என்று முதல் மீனுக்காக முந்தினான் கும்பாண்டி. "நான் விடலைன்னா இவன் எதைத் தேய்ச்சிருப்பான்?"

"சோப்பைச் சுமந்தவ நான்," என்றாள் கல்லாயி.

"பொய் சொல்றாங்க அக்கா! இந்தா பாருங்க சாட்சி!" சவ்வாது மிச்ச சோப்பை எடுத்து நீட்டினான். "மோந்து பாருங்க! ஓடை நடுவுல உட்கார்ந்து நானே என் கையால தேய்ச்சேன்!"

"அப்படியா ராசா," என்று சோப்பை வாங்கிக்கொண்டாள் மடுவாச்சி. சிரிப்பு போய்விட்டது. "அப்ப மூணு பேருமா சேர்ந்துதான் என் பிள்ளைங்களுக்குச் சோப்புத் தண்ணி குடுத்திருக்கீங்க. சோப்பு வாங்கும்போது, இந்தத் தண்ணி எங்கே போகும்னு ஒருத்தருக்காவது கேக்கத் தோணலையா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் மணத்தைக் கேட்டான், ஒருத்தி எடையைக் கேட்டாள், ஒருவன் திங்கலாமா என்று கேட்டான். இதை யாரும் கேட்கவில்லை.

"மாலை அப்புறம்," என்றாள் மடுவாச்சி. "முதல்ல மடுவுல இருக்கிற நுரையை எல்லாம் அள்ளி, அதோ அந்த மணல்மேட்டுல குழி தோண்டிக் கொட்டுங்க. அதுவரைக்கும் ஊத்துல ஒரு சொட்டு கிடையாது."

அள்ளினார்கள். ஒரு பானை நுரையை அள்ளிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போவதற்குள் அது ஒரு கை அளவாகச் சுருங்கிவிடும். திரும்பி வந்தால் மடு நிறைய நுரை அப்படியே இருக்கும்.

"எடையே இல்லை," என்று மூச்சு வாங்கினாள் கல்லாயி. "எடையே இல்லாதது இப்படியா முதுகை ஒடிக்கும்?"

மறுநாள் பொழுது விடியும்போதுதான் மடுவில் தண்ணீர் முகம் தெரிந்தது. மடுவாச்சி ஊற்றை விட்டு விலகி வழிவிட்டாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து குடித்தார்கள்.

"உங்க சோப்பு," என்று மிச்சத்தை நீட்டினாள் மடுவாச்சி.

"எடை," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் கல்லாயி. சவ்வாது அதைப் பார்க்கவே கூசினான். "குடு இப்படி, தகராறே வேணாம்," என்று கும்பாண்டி அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டான். அதைத் திங்கலாமா என்று தெரிந்துகொள்ள அவனுக்கு முதலிலிருந்தே ஓர் ஆசை.

ஒருவழியாகத் தேன்பாறையும் வந்தது. பாறை விளிம்பில் தேன் திரண்டு, பொன்னாக மின்னியது. மூன்று பேரும் கீழே ஓடிப்போய் அண்ணாந்தார்கள்.

அப்போது மேலே தேனீக்கள் மூக்கை நீட்டின. ரோஜா! மல்லி! தாழம்பூ! பூக்காலம் முடிந்துபோச்சு என்று நினைத்தோமே, இங்கே மூன்று புதர் பூத்து நிற்கிறதே!

கூட்டமே இறங்கி வந்தது. கொட்டவில்லை, பாவம். பூ என்று நினைத்து அன்போடு உட்கார்ந்தன. கரடியின் மூக்கில், ஆமையின் ஓட்டில், சவ்வாதின் வாலில், உதட்டில், எல்லா இடத்திலும் உட்கார்ந்தன. கும்பாண்டிக்கு அடக்க முடியாமல் மூக்கு வழியாக ஒரு குமிழி வந்தது. இன்னொரு கூட்டம் இறங்கியது.

தேன் சொட்டத் தொடங்கியது. வாயைத் திறந்தால் தேனீ போகும். திறக்காவிட்டால் தேன் போகாது. மூன்று பேரும் உதட்டை இறுக்கிக்கொண்டு, நெற்றியில் சொட்டுகிற தேன் கன்னத்தில் வழிந்து கீழே போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எத்தனையோ வருஷம் கதையாகக் கேட்ட தேன், சவ்வாதின் மூக்கு நுனியில் ஒரு சொட்டாக நின்றது, ஆடியது, விழுந்தது. எறும்புகள் வந்து நக்கிக்கொண்டு போயின.

அடுத்த வருஷம் கும்பாண்டியும் கல்லாயியும் கிளம்பும்போது, வழியில் சவ்வாது நின்றான். கையில் ஒரு சின்ன இலைப்பொட்டலம்.

"என்னடா அது?"

"சாம்பல் அண்ணே. ஓடைக்குத் தள்ளி, மணல்ல குழி தோண்டி, அங்கேயே கழுவி, அங்கேயே மூடிடுவேன்."

"எடை?" என்றாள் கல்லாயி.

"ஒரு பிடிதான்க்கா."

கும்பாண்டி குனிந்து பொட்டலத்தை மோந்தான். சவ்வாதின் வாலையும் மோந்தான். இரண்டிலும் ஒரு மணமும் இல்லை.

"சரி, வா," என்றான்.

நீதி: நாம் கழுவி அனுப்புகிற அழுக்கு, நமக்கு முன்னே போய் நம் வழியிலேயே காத்திருக்கும்.