பாய்த் தடம்

ஆற்றங்கரையில் கோரை அறுத்து, கோயில் நெல் காயப் பாய் நெய்து கொடுப்பதே உலகம்மையாரின் தொண்டு. ஒவ்வொரு கோரையையும் ஈசன் பெயரைச் சொல்லியே கோத்தார். அவர் கணவர் கூத்தனாரோ சன்னிதி வாசலில் நின்று பாடுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர். பிழைக்கத் தெரியாதவர் என்றது ஊர்.

ஒரு கோடையில் கூத்தனாருக்குப் பெரியம்மை கண்டது. உயிரை விட்டுவிட்டுக் கண்ணையும் காதையும் கொண்டுபோயிற்று.

"உலகு, ஒருதரம் சாமி பேரைச் சொல்லு. எனக்குக் கேக்கணும்" என்று தினமும் கெஞ்சினார்.

கேளாத காதுக்கு எதைச் சொல்வது? ஒருநாள் அம்மையார் அவர் விரல்களைத் தம் தொண்டையில் வைத்துக்கொண்டு சொன்னார். அதிர்வை விரல் கண்டுகொண்டது. அன்றே அம்மையார் தறியில் உட்கார்ந்தார். அழுத்தமான ஒலிக்கு முறுக்கிய கோரை, மெல்லிய ஒலிக்கு வழுவழுத்த கோரை, நீளும் ஒலிக்கு நீண்ட வரி. தொண்டையில் ஒரு கை, பாயில் ஒரு கை என்று மாதக்கணக்கில் பழக்கினார். ஐந்தெழுத்தை முதன்முதலில் தடவி அறிந்த அன்று கூத்தனார் வாய்விட்டு அழுதார். பிறகு அந்தப் பாயை மடியில் விரித்து, விரல் ஓட்டி, மறுபடியும் வாசலில் பாடத் தொடங்கினார்.

கோயிலில் ஓர் அதிகாரி இருந்தார். அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. "பாயில பாட்டா? நல்லா ஏய்க்கிறீங்க" என்று அதைப் பிடுங்கி வாசல்படியில் போட்டார். மழைக்காலம் அது. ஊரே சேற்றுக்காலை அதில் துடைத்துக்கொண்டு சாமி கும்பிடப் போயிற்று.

"அதுல சாமி பேரு இருக்குதய்யா. மிதிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று அம்மையார் காலில் விழுந்தார்.

"இருந்தா உன் புருசனை வாசிக்கச் சொல்லு, கேப்போம்."

கூத்தனார் மண்டியிட்டுத் தடவினார். வரிகளுக்குள் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. விரல் போய்ப்போய்த் திரும்பியது, வாய் திறக்கவில்லை. கூட்டம் சிரித்தது. அது அவருக்குக் கேட்கவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

வீட்டுக்கு வந்தவர், "சாமி பேசுறதை நிறுத்திட்டாரு, உலகு" என்றார். அம்மையார் புதுப் பாய் தொடங்கினார். அது பாதி ஆனபோதே கூத்தனார் உயிர் பிரிந்தது. அந்தப் பாதிப் பாயில் கிடத்தியே அடக்கம் செய்தார்.

மறுநாள் காலை குருக்கள் நடை திறந்தார். லிங்கத்தின் சந்தனக் காப்பு முழுவதும் பாய்த் தடம். பாயில் படுத்து எழுந்தவர் முதுகில் பதிந்திருக்குமே, அப்படி. அதிகாரி ஓடிவந்து பார்த்து ஆளனுப்பினார். படி தாண்டி ஒருநாளும் உள்ளே விடாத அம்மையாரைக் கருவறைக்கே அழைத்துப்போனார்கள்.

"என்ன சொல்லியிருக்குன்னு வாசிங்கம்மா" என்றார் அதிகாரி, கைகூப்பி.

அம்மையார் கண்ணை மூடித் தடவினார். அவர் நெய்த வரிகள்தாம். சேறு அப்பிய இடங்களும் அப்படியே பதிந்திருந்தன. ஊர் கால் துடைத்த பாயில் ஈசன் படுத்து எழுந்திருக்கிறான்.

"வாசிக்கத் தெரிஞ்சவரை நேத்துதான் மண்ணுல வச்சிட்டு வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். வாசலில் குனிந்து பாயை எடுத்தார். சேற்றோடு சந்தனமும் ஒட்டியிருந்தது. உதறாமல் சுருட்டி இடுக்கிக்கொண்டு நடந்தார்.

ஒருநாள் முந்தி வந்திருக்கக்கூடாதா என்று ஈசனை ஒரு வார்த்தை கேட்காமல் போன உலகம்மையாரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.