அம்சமா இருந்த ஊர்

வா வா, பாயில ஏறு. காலை நீட்டிப் படேன்டி, எதுக்கு இப்பிடி மரவட்டை மாதிரி சுருண்டுக்குற? ஒண்ணுமில்லையா? சரி, ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. அத்தை கதை சொல்றேன், நீ "ம்" கொட்டணும். கொட்டலைன்னா கதையும் நின்னுரும், நானும் தூங்கிருவேன். காலையிலேர்ந்து நின்ன காலு எனக்கு.

ஒரு ஊர்ல ஒரு வாயாடி இருந்தா. செம்பாயின்னு பேரு. அவ புருஷன் பேரு பெரியண்ணன். பேருதான் பெரிசு, பூனை இருமினாக்கூட பயந்துக்குவான். மானாவாரி ஊரு அது, மழை பேஞ்சாத்தான் வெள்ளாமை. ஊருக்கு மேக்க பூரா கடலைக்கொல்லை, கெழக்க பூரா மக்காச்சோளம். ஆடியில வெதைச்சா ஐப்பசியில எடுக்கணும்.

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கடலை காய் பிடிச்சுட்டா, சோளம் கதிர் வாங்கிட்டா, அப்புறம் நோய், புழுன்னு பேச்சே யாரு வாயிலயும் வரக்கூடாது. "கொல்லை எப்பிடி இருக்கு?"ன்னு யாரு கேட்டாலும் "அம்சமா இருக்கு"ன்னுதான் சொல்லணும். ஏன்னா, அவங்க பாட்டன் காலத்துல ஒருத்தன் "ஐயோ, புழு வந்துருச்சே"ன்னு கத்தினானாம். அன்னிக்கு சாயந்தரமே சடசடன்னு ஆலங்கட்டி மழை அடிச்சு எல்லாம் போயிருச்சாம். ஆலங்கட்டிக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம்? மாமனா, மச்சானா? ஆனா இதையெல்லாம் ஊருக்குள்ள யாரு கேக்குறது?

ம் சொல்லு. ஆங்.

அந்த வருஷம் செம்பாயி வீட்டு வெதைப்பானையில ஒரு கொட்டைகூட மிச்சமில்ல. அம்புட்டையும் வெதைச்சுட்டா. இந்த வெள்ளாமையில நல்லா முத்துன காயா எடுத்து வெச்சாத்தான் அடுத்த ஆடிக்கு வெதை. இல்லன்னா கொல்லையப் போட்டுட்டு, வீட்டப் பூட்டிட்டு, புருஷனும் பொஞ்சாதியும் செங்கல் சூளைக்குப் போகணும். அவ ஆயி அப்பன் அப்பிடிப் போயி திரும்பி வரவேயில்ல. அதனால சூளைன்னு யாராச்சும் பேச்செடுத்தாலே எந்திரிச்சுப் போயிருவா.

அப்போ புரட்டாசி வந்துச்சா, பகல்ல பொசபொசன்னு தூறல், ராத்திரியில பனி. ஒருநா காலையில செம்பாயி கொல்லையில குனிஞ்சு பாக்குறா. அடி இலையில கறுப்புக் கறுப்பா புள்ளி! மெளகை அப்பி வெச்ச மாதிரி. செடியத் தொட்டா போதும், இலை பொலபொலன்னு கொட்டுது.

ஓடிப்போயி புருஷன்கிட்ட, "ஏங்க, நம்ம கொல்லையில நோ..."

முழுசாச் சொல்லல, அதுக்குள்ள அவன் ரெண்டு கையாலயும் அவ வாயப் பொத்திட்டான். "அம்சமா இருக்குன்னு சொல்லுடி. அம்சமா இருக்குன்னு சொல்லு." வாயப் பொத்திக்கிட்டே சொல்லுன்னா எப்பிடிச் சொல்றது? ம்ம்ம், ம்ம்ம்னு மொனகிட்டு விட்டுட்டா.

அப்புறம் பக்கத்துக் கொல்லை சடையன்கிட்ட போனா. அவன் மக்காச்சோளம் போட்டவன். வரப்புல நின்னு, "என்ன சடையண்ணே, கதிரெல்லாம் எப்பிடி?"ன்னு கேட்டா. "அம்சமா இருக்கு தங்கச்சி." அப்பிடிச் சொல்றான், அவன் பக்கத்துலயே ஒரு கதிருக்குள்ளேர்ந்து கரக்... கரக்... கரக்... ன்னு சத்தம். உள்ள படைப்புழு உக்காந்து விருந்து சாப்புடுது. சடையனுக்கும் கேக்குது, செம்பாயிக்கும் கேக்குது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. சிரிக்காதடி, பெரியவங்க அப்பிடித்தான்.

அப்புறம் பூவாத்தா கெழவிகிட்ட போனா. ஊருக்கே மூத்தவ, அவ சொன்னா ஊரு கேக்கும். அந்தக் கெழவி கடலைக்கொல்லைய சுத்தி பழைய சேலையா கட்டி வெச்சிருந்தா. கேட்டா கண்ணு பட்டுரும்கிறா. "ஆத்தா, கொல்லை எப்பிடி இருக்கு?" "அம்சமா இருக்குடி." அந்த நேரம் பாத்து விர்ர்ருன்னு ஒரு காத்து. சேலை தூக்குச்சு. உள்ள பாத்தா, ஒரு செடியில ஒரு இலை இல்ல. வெறுங்குச்சியா நிக்குது. கெழவி ஓடிவந்து சேலைய இழுத்து மூடுனா. திரும்பத் தூக்கிராம ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு நின்னா. செம்பாயி திரும்பி வந்துட்டா.

தூங்கிட்டியா? ம்? சரி சரி.

வந்தவ தன் கொல்லையில ஒரு செடியப் பிடிச்சு இழுத்தா. சர்ர்னு வந்துருச்சு. அவ்வளவு லேசா வரக்கூடாதே! தூக்கிப் பாத்தா ரெண்டே காய்தான் தொங்குது. களைக்கொத்த எடுத்துத் தோண்டுனா, மீதிக் காயெல்லாம் மண்ணுக்குள்ளயே கெடக்கு. மேல இலை கொட்டுனதுல உள்ள காம்பும் செத்துப்போச்சு. ஒரு காய எடுத்து டப்புன்னு ஒடைச்சா. ஓட்டுக்கு உள்பக்கம் கறுத்திருக்கு. அப்பிடி இருந்தா கொட்டை நல்லா முத்திருச்சுன்னு அர்த்தம். ஆக, காய் தயாரு. இப்பவே பிடுங்குனா வெதை தப்பிக்கும். விட்டா பூராவும் மண்ணோட போயிரும்.

ஆனா பிடுங்க ஆளு வேணுமே? அந்த ஊர்ல பௌர்ணமி கழிஞ்சு நாள் குறிச்சு, ஊர்கூடித்தான் ஒவ்வொரு கொல்லையா பிடுங்குவாங்க. முன்னாடியே வாங்கன்னு கூப்புட்டா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா ஆலங்கட்டி. சொல்லாட்டி செங்கல் சூளை. அவ பயந்துட்டா. வாயாடிதான், ஆனா இந்த ஒரு வார்த்தைய வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தா.

மறுநா காலையில ஊரே பொதுக்கிணத்தடியில நிக்குது. கடகடகடன்னு ராட்டினம் ஓடுது. ஒருத்தி கேட்டா, "ஏன் செம்பாயி, கொல்லை எப்பிடி இருக்கு?"

செம்பாயி கொடத்த ணங்குன்னு கீழ வெச்சா. "நல்லா இல்ல. என் கொல்லையில நோய் வந்துருச்சு. இன்னிக்கே பிடுங்கணும், வாங்க"ன்னுட்டா.

ராட்டினம் நின்னுபோச்சு. எல்லாரும் காதப் பொத்திக்கிட்டு மேல பாத்தாங்க. பெரியண்ணன் கொடத்த எடுத்து தலையில கவுத்துக்கிட்டான். பாக்குறாங்க, பாக்குறாங்க, பாக்குறாங்க... ஒரு காக்கா மட்டும் கா...ன்னு கத்திட்டுப் போச்சு.

அப்போ சடையன் மெதுவா, "என் கதிர்ல புழு இருக்கு"ன்னான். "எனக்கும்"னான் இன்னொருத்தன். "என் கடலையிலயும் புள்ளி"ன்னா ஒருத்தி. அப்புறம் பாரு, பொலபொலன்னு கொட்டுது, இலை இல்ல, பேச்சு!

அப்புறம் ஏது நாளு கெழமை? அன்னிக்கே எறங்குனாங்க. ஒவ்வொரு கடலைக்கொல்லையிலயும் ஒரு செடியப் பிடுங்கி, ஓட்ட ஒடைச்சுப் பாத்து, கறுத்திருந்தா பிடுங்கு, வெளுப்பா இருந்தா விடு. சோளத்துல முத்துன கதிர மொடுக் மொடுக்குன்னு ஒடிச்சுக் களத்துல காயப் போட்டாங்க. புழு தின்ன கதிரு மாட்டுக்கு. சடையன் கொல்லைய உடனே உழுதான். மண்ணுக்குள்ள பதுங்குன புழுவெல்லாம் மேல வர, மைனாக் கூட்டம் கீச்சு கீச்சுன்னு வந்து ஒண்ணுவிடாமப் பொறுக்குச்சு.

செம்பாயிக்குப் பாதிக் காயி மண்ணோட போச்சு. ஆனா வெதைப்பானை ரொம்பிருச்சு. சூளைக்குப் போக வேண்டாம். பானையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு ஓன்னு அழுதா.

ஆனா பூவாத்தா கெழவி கொல்லையில... தோண்டுன எடமெல்லாம் அழுகலும் மொளைச்சதும்தான். ஒரு கை காயி தேறல. கெழவி வரப்புல உக்காந்து சொன்னா, "எனக்குத்தான்டி மொதல்ல வந்துச்சு. ஆவணியிலயே பாத்துட்டேன். அப்பவே வாயத் தொறந்திருந்தா எனக்கும் மிஞ்சியிருக்கும், உங்களுக்கும் இவ்வளவு போயிருக்காது."

செம்பாயிக்குக் கோவம் வந்துச்சு. அந்தச் சேலையப் பிடிச்ச கை ஞாபகம் வந்ததும் கோவம் போயிருச்சு. வீட்டுக்குப் போயி தன் பானையிலேர்ந்து ரெண்டு கையும் சேத்து அள்ளிக் கெழவி மடியில கொட்டுனா. அதப் பாத்து ஊரே ஆளுக்கு ஒரு கை போட்டுச்சு.

அதுலேர்ந்து அந்த ஊர்ல யாரு யாரப் பாத்தாலும் "சாப்டியா?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி, "கொல்லையில என்ன கோளாறு?"ன்னுதான் கேப்பாங்களாம். வெளியூர்க்காரங்களுக்கு இது வெவஸ்தைகெட்ட ஊருன்னு தோணுமாம். தோணட்டும்.

ம்? என்னடி, "ம்" காணோம்? தூங்கலையே, கண்ணு முழிச்சுத்தான் இருக்கு.

என்ன? சத்தமா சொல்லு. காலா? எந்தக் கால்? இரு, லைட்டப் போடுறேன். போர்வைய விடு... அடிப்பாவி, ஆணி குத்திருக்கே! இப்பிடி வீங்கியிருக்கு! எப்போ? நேத்தா? அந்தக் கட்டி முடிக்காத வீட்டுக்குள்ள போய் வெளாடுனியா? போகாதன்னு சொன்னதால பயந்துக்கிட்டு இருந்தியா?

இல்லடி, அடிக்க மாட்டேன். திட்டுறத நாளைக்கு வெச்சுக்கிறேன். இப்போ சோப்புத் தண்ணியில கழுவிக் கட்டுறேன். விடிஞ்சதும் மொத வேலையா ஆஸ்பத்திரி போயி ஊசி போடணும். வலிக்குதா? இல்லன்னு தலைய ஆட்டாத. வலிக்குதுன்னு சொல்லு. ஆங், அப்பிடி. அத்தை மேல காலைப் போட்டுக்க.

கதைய ஒடைச்சாச்சு, கொட்டையத் தின்னாச்சு, தோல ஊதியாச்சு. இப்போ தூங்கு.