துள்ளான் முயலின் பூண்டுப் பாத்தி

சோலைக்காட்டின் ஓரத்தில் முள்வேலிக்குள் காய்கறித் தோட்டம் போட்டு இரண்டு முயல்கள் வாழ்ந்து வந்தன. ஆண் முயல் துள்ளான். பெண் முயல் பஞ்சி. துள்ளானைப் போன்ற பாசக்காரன் அந்தக் காட்டிலேயே கிடையாது. அந்தப் பாசத்தால் மற்றவர்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமில்லை.

போன பிரசவத்தில் பஞ்சிக்குப் பால் பற்றவில்லை. ஒரு குட்டி பிழைக்கவே இல்லை. அது பசியில் அழுத சத்தம் துள்ளானின் நீண்ட காதுகளை விட்டுப் போகவே மாட்டேன் என்றது. பிள்ளை பெற்றவள் பூண்டு தின்றால் பால் ஊறும் என்று காட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பூண்டுக்கு எங்கே போவது?

ஒரு நாள், சந்தைக்குப் போன வண்டியிலிருந்து மலைப்பூண்டு ஒன்று உருண்டு விழுந்தது. துள்ளான் அதைக் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தான்.

“பஞ்சி! இத நட்டு வளத்துருவோம். இனிமே பிரசவத்துக்குப் பயமே இல்ல!”

சொன்ன கையோடு, பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துத் தோலை உரிக்க ஆரம்பித்தான்.

“என்னங்க பண்றீங்க?”

“மண்ணுக்குள்ள புழுங்குமே, பாவம்! சட்டையக் கழட்டி விடுறேன்.”

“தோலோட நட்டாத்தாங்க அழுகாது. இங்க குடுங்க!”

பஞ்சி பிடுங்கிக்கொண்டாள். கூர்நுனி மேலே இருக்கும்படி ஒவ்வொரு பல்லாக ஊன்றி மண்ணை மூடினாள்.

சில நாளில் பச்சைப் பச்சையாகத் தளிர் வந்தது. துள்ளானைக் கையில் பிடிக்க முடியவில்லை! ஓடையிலிருந்து சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். வெயில் ஏறினால் பாத்தியோரம் நின்று காதுகளை விரித்து நிழல் கொடுத்தான். பூண்டுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. அவனுக்குத்தான் வேண்டியிருந்தது.

பஞ்சி கருவுற்றாள். மேலே அவள் வயிறு வளர்ந்தது. மண்ணுக்குள் பூண்டும் வளர்ந்தது.

ஒரு நாள் காலையில் பாத்தியைப் பார்த்த துள்ளான் அலறினான்.

“ஐயோ! பூண்டுக்கு மஞ்சக்காமாலை வந்திருச்சே!”

இலைகளெல்லாம் பழுத்துச் சாய்ந்திருந்தன. வேலிக்கு வெளியே சலசலவென்று சத்தம் கேட்டது. முள்ளம்பன்றி ஊசியப்பன் நின்றுகொண்டிருந்தது. அதற்கு ரொம்ப நாளாகவே அந்தப் பாத்தியின்மேல் ஒரு கண். உள்ளே நுழைந்தால் உடம்பிலுள்ள முட்கள் வேலி முள்ளில் மாட்டிக்கொள்ளும். அதனால் வெளியே நின்று வாசம் பிடித்துக்கொண்டிருந்தது.

“என்ன தம்பி, காலங்காத்தால அழுவுற?”

“இலையெல்லாம் மஞ்சளாயிருச்சுண்ணே!”

“அடப்பாவமே! அது செத்துப்போச்சுப்பா. வேரோட புடுங்கி இந்தப் பக்கம் எறிஞ்சிரு. நான் தூரமாக் கொண்டுபோய்ப் போட்டுர்றேன். இல்லேன்னா கத்திரிச் செடிக்கும் நோவு ஒட்டிக்கும்!”

துள்ளான் ஓர் இலையைப் பிடித்தான். பிடுங்க மனம் வரவில்லை.

“இன்னும் உசுரு இருக்கும்ணே! தண்ணி ஊத்திப் பாக்குறேன்!” என்று ஓடைக்கு ஓடினான்.

“இப்படியும் ஒரு பைத்தியமா!” என்று ஊசியப்பன் தலையில் அடித்துக்கொண்டது.

துள்ளான் ஊற்றினான். ஊற்றினான். ஊற்றிக்கொண்டே இருந்தான். பாத்தி சேறாகிவிட்டது. அடுத்த நாள் ஒரு மூலையிலிருந்து அழுகல் நாற்றம் வந்தது. அதற்கும் அவன் தண்ணீர்தான் ஊற்றப் போனான்.

நாற்றம் பிடித்துக்கொண்டு பஞ்சி வயிற்றைத் தாங்கியபடி வளையிலிருந்து வெளியே வந்தாள்.

“நிறுத்துங்க!”

“சாகுது பஞ்சி! விட்டா போன தடவ மாதிரியே ஆயிரும்!” அவன் குடுக்கையை மறுபடி தூக்கினான்.

பஞ்சி நிறைமாத வயிற்றோடு அந்தச் சேற்றில், பாத்திக்குக் குறுக்கே படுத்துவிட்டாள்.

“ஊத்துறதா இருந்தா என் மேல ஊத்துங்க!”

குடுக்கை அந்தரத்தில் நின்றது.

“ரெண்டு நாளா எனக்குப் புல்லு இறங்குதா?” என்று கேட்டாள் பஞ்சி.

“இல்ல.”

“நீங்க சும்மா இருந்தீங்களா? தளிரா பறிச்சு வாயில திணிக்கிறீங்க. எனக்கு நேரம் வந்திருச்சு, அதான் இறங்கல. இதுக்கும் நேரம் வந்திருச்சோ என்னவோ! கொஞ்சம் மண்ண விலக்கித்தான் பாருங்களேன்.”

துள்ளான் மண்ணை விலக்கினான். வெள்ளை வெளேரென்று குண்டுப் பூண்டு ஒன்று எட்டிப் பார்த்தது!

“அம்மாடி!” என்று சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். பிறகு சிரித்தான். “அப்ப ஊசியப்பண்ணன் செத்துப்போச்சு, புடுங்கி எறி, நான் கொண்டுபோய்ப் போட்டுர்றேன்னு சொன்னாரே?”

“தன் வாசல் குப்பையவே அள்ளாதவரு, நம்ம வீட்டுக் குப்பைய அள்ள வர்றேன்னாரே! உங்களுக்குச் சந்தேகமே வரலையா?”

வேலிக்கு வெளியே சலசல சத்தம் மெல்ல விலகிப் போனது.

அதன்பிறகு பாத்தியைக் காயவிட்டார்கள். தண்ணீர் ஊற்றத் துள்ளானுக்குக் கை பரபரத்தது. பஞ்சி குடுக்கையின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்! மண் உலர்ந்ததும் பூண்டைப் பிடுங்கினார்கள். அவன் தண்ணீர் கொட்டிய மூலையில் இருந்தவை அழுகிப்போயிருந்தன. அவற்றை அள்ளிப்போடும்போது அவனுக்கு மனசு கேட்கவில்லை. மற்றதையெல்லாம் நிழலில் உலர்த்தினார்கள்.

குட்டிகள் பிறந்தன. துள்ளான் பூண்டு சுட்டுச் சுட்டுக் கொடுத்தான். பால் ஊறியது. இந்த முறை எந்தக் குட்டியும் பசியில் அழவில்லை.

ஊசியப்பனுக்கும் ஒரு பூண்டு சுட்டு வேலியோரம் கொண்டுபோய்க் கொடுத்தாள் பஞ்சி. “கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்போமே, அண்ணே!” என்றாள். தின்னும்போது அதன் கண் கலங்கியது. காரம் என்றது. சுட்ட பூண்டில் காரம் ஏது!

அன்று மாலை, எல்லாவற்றிலும் சின்னக் குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டு வாயில் பாலோடு தூங்கிப்போனது. துள்ளானுக்குப் பொறுக்கவில்லை. “இன்னும் ரெண்டு வாய் குடிச்சா என்ன?” என்று எழுப்பக் கை நீட்டினான். பஞ்சி பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. குட்டியின் உருண்டை வயிறு ஏறி ஏறி இறங்கியது. துள்ளான் சற்று நேரம் அதையே பார்த்தான். பிறகு தானாகவே கையை இழுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டான்.

யார்மீது எவ்வளவு பிரியம் இருந்தாலும், அவர்களுக்குப் போதும் என்கிற நேரத்தில் நம் கையை எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும்.